ஒத்திகை நாளில் எழாத 17 விஎம்கள்

காலை 9 மணிக்குப் பேரிடர் மீட்பு ஒத்திகையைத் தொடங்கினோம். முதன்மைத் தளம் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, இரண்டாம் தளத்தில் எல்லா விஎம்களையும் (நிஜ சர்வருக்குள் மென்பொருளால் ஓடும் மெய்நிகர் கணினிகள்) எழுப்பிக் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்கிற, கொஞ்சம் சலிப்பான வேலை. ஸ்டோரேஜ் நகல்களை அங்கிருக்கும் ஹோஸ்ட்களுக்கு, அதாவது விஎம்களைத் தாங்கும் நிஜ சர்வர்களுக்கு, காட்டினோம். டேட்டாஸ்டோர்கள் (விஎம் கோப்புகள் இருக்கும் சேமிப்பு இடங்கள்) புதுக் கையொப்பம் வாங்கிக்கொண்டு ‘ஸ்னாப்’ என்ற முன்னொட்டோடு ஏறின. விஎம்களைப் பதிவு செய்து ஒவ்வொன்றாக ஆன் செய்தோம். பட்டியலில் 41 இருந்தன. 24 எழுந்தன. 17 எழவில்லை.

முதலில் ஸ்டோரேஜ் நகல் பழுதாகிவிட்டதோ என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அரை மணி நேரம் அந்தப் பக்கமே ஓடினோம். அப்புறம் அந்தத் தளத்தில் இருந்த இளைய சகா போனில் சொன்னார்: “அண்ணா, டிஸ்க் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. விஎம்மோட வன்பொருள் பதிப்பு 19-ன்னு காட்டுது. இந்த ஹோஸ்ட்டுக்கு அது தெரியாதாம். 19-க்கு யார் ஏத்தினது?”

ஏற்றியது நான்தான். ஆனால் அந்த நிமிடம் வரைக்கும் அது ஏறிவிட்டது என்று எனக்கே தெரியாது.

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து சொல்கிறேன். எங்கள் முதன்மைத் தளம், விஎம்களை ஓட்டும் விஎம்வேர் மென்பொருளான விஸ்ஃபியர் 6.5-இல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான பொது ஆதரவு 2022 அக்டோபர் 15-உடன் முடியவிருந்ததால், புதிய சர்வர்கள் வாங்கி 7.0 அப்டேட் 3-க்கு மாறினோம். மொத்தம் 140 விஎம்கள். பெரும்பாலானவற்றை விமோஷன் மூலம், ஓடிக்கொண்டிருக்கும்போதே, பழைய கிளஸ்டரில் (ஹோஸ்ட்களின் தொகுதியில்) இருந்து புதியதற்கு நகர்த்தினோம். பயனர்களுக்குத் தெரியவே இல்லை. இரண்டாம் தளத்தை மட்டும் அப்போது தொடவில்லை. அங்கே 6.5 அப்படியே இருந்தது, அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று.

விமோஷனில் விஎம் புது வீட்டுக்குப் போகிறது, ஆனால் தன் பழைய உடம்போடுதான் போகிறது. ஒவ்வொரு விஎம்முக்கும் ஒரு வன்பொருள் பதிப்பு எண் உண்டு. எந்த வகை போலி மதர்போர்டு, எத்தனை சிபியு வரை, எந்தெந்த கன்ட்ரோலர், சிபியுவின் எந்தெந்த வசதிகள் உள்ளே தெரியும் என்பதையெல்லாம் அந்த எண் தீர்மானிக்கிறது. ஹோஸ்ட்டில் ஓடும் விஸ்ஃபியர் மென்பொருளின் பெயர் ஈஎஸ்எக்ஸ்ஐ; அதன் 5.0 கொண்டுவந்தது 8. 5.1 கொண்டுவந்தது 9, 5.5-க்கு 10, 6.0-க்கு 11, 6.5-க்கு 13, 6.7-க்கு 14, அதன் அப்டேட் 2-க்கு 15. 7.0 வந்தபோது 17, பிறகு அப்டேட் 1-இல் 18, அப்டேட் 2-இல் 19. நடுவில் 12-உம் 16-உம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. அவை மேசைக் கணினியில் ஓடும் வொர்க்ஸ்டேஷன், ஃப்யூஷன் ஆகியவற்றோடு வந்த எண்கள். புதிய ஹோஸ்ட் பழைய எண்ணைப் பொறுத்துக்கொள்ளும். பழைய ஹோஸ்ட்டுக்குப் புதிய எண் என்றால் என்னவென்றே தெரியாது. 6.5-க்கு 13-தான் எல்லை.

எங்களிடம் இருந்த 140 விஎம்களில் 8 முதல் 13 வரை பல எண்களும் இருந்தன. பத்து வருடமாக யாரும் கவனிக்காமல் விட்டால் அப்படித்தான் ஆகும். அதில் 31 விஎம்கள் 9-க்கும் கீழே. அது உண்மையிலேயே சரிசெய்ய வேண்டிய விஷயம். 2018 ஜனவரியில் சிபியுக்களில் இருந்த ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்தபோது, சிபியுவின் உள் மென்பொருளான மைக்ரோகோடில் வந்த புதிய பாதுகாப்பு வசதிகளை உள்ளே இருக்கும் இயங்குதளம் பயன்படுத்த வேண்டுமானால் விஎம் குறைந்தது 9-ஆவது பதிப்பில் இருக்க வேண்டும் என்று ஆனது. ஹோஸ்ட்டில் எவ்வளவு பேட்ச் போட்டாலும் 8-இல் இருக்கும் விஎம்முக்கு அவை தெரியாது. 11-க்குப் போனால் பிசிஐடி என்ற சிபியு வசதியும் உள்ளே தெரியும். மெல்ட்டவுன் பேட்ச்சால் வரும் வேகக் குறைவு கொஞ்சம் தணியும். ஆக, 11 வரை போவதற்கு நல்ல காரணம் இருந்தது. 19-க்குப் போக எங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. மெய்நிகர் டிபிஎம் சிப் (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் சிப்) வேண்டும் என்றால்கூட 14 போதும். எங்களில் யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

ஆனால் இடமாற்றத் திட்டத்தின் பட்டியலில் கடைசி வரியாக ‘விஎம் வன்பொருள் உயர்வு – முடிந்தது’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்ப வேண்டும். வன்பொருள் பதிப்பை உயர்த்த விஎம்மை நிறுத்த வேண்டும். 140 விஎம்களுக்கு, ஒவ்வொன்றின் உரிமையாளரிடமும் நேரம் கேட்டு மெயில் அனுப்பி, பதில் வாங்கி... அந்தச் சலிப்பில்தான் குறுக்குவழி தேடினேன். ஹோஸ்ட்களையும் விஎம்களையும் நிர்வகிக்கும் விசென்டரில் ஒரு வசதி உண்டு: இணக்கப் பதிப்பை (வன்பொருள் பதிப்புக்கு அங்கே உள்ள பெயர்) உடனே உயர்த்தாமல், அடுத்த ரீபூட்டில் உயர்த்தும்படி முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். எப்படியும் மாதாந்தர பேட்ச்சுக்கு எல்லாம் ரீபூட் ஆகத்தானே போகின்றன, அதோடு இதுவும் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஒரு ஃபோல்டரில் இருந்த 63 விண்டோஸ் விஎம்களையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தேன். இறங்கு பட்டியலில் எது புதியதோ அதுவே தேர்வாகி நின்றது; நான் மாற்றவில்லை. ‘இயங்குதளம் முறையாக நிறுத்தப்பட்டால் மட்டும்’ என்ற டிக் குறியை மட்டும் கவனமாகப் போட்டேன். மின்சாரம் போய் எழும்போது உயர்ந்துவிடக் கூடாதே என்ற முன்னெச்சரிக்கை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது: கதவைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலுக்குக் கொக்கி போட்ட மாதிரி.

முன்கூட்டியே சொல்லி வைத்தது விஎம் பட்டியலில் எங்கும் கண்ணில் படாது. சிவப்போ மஞ்சளோ ஒரு அடையாளமும் வராது. ஒவ்வொரு விஎம்மாகத் திறந்து சுருக்கப் பக்கத்தில் பார்த்தால்தான் தெரியும். வேறு வேலைகள் வந்தன, நான் மறந்தே போனேன். ஒன்பது நாள் கழித்து பேட்ச் இரவின் முதல் தொகுதி ஓடியது. 17 விஎம்கள் ரீபூட் ஆகி, சத்தமில்லாமல் 19 ஆகி, எந்தப் புகாரும் இல்லாமல் வேலை செய்தன. காலையில் கண்காணிப்புத் திரை முழுக்கப் பச்சை. ஸ்டோரேஜ் நகலும் பச்சைதான். அதன் வேலை வட்டில் இருக்கும் பைட்களை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. விஎம்மின் கட்டமைப்புக் கோப்பில் 13 என்று எழுதியிருந்தால் என்ன, 19 என்று எழுதியிருந்தால் என்ன? நேர்மையாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. அதற்கு நாலு நாள் கழித்துத்தான் ஒத்திகை.

சரி, ஒத்திகை அறைக்குத் திரும்புவோம். 19 ஆன விஎம்மை 13-க்கு இறக்க ஒரு பொத்தான் கிடையாது. உயர்வுக்கு முன்னால் ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேர நிலையின் பதிவு) எடுத்திருந்தால் அதற்குத் திரும்பலாம்; தானாக நடந்ததால் யாரும் எடுக்கவில்லை. பேக்கப்பில் இருந்து எடுக்கலாம். ஆனால் உயர்வுக்கு முந்தைய பேக்கப் என்றால் அத்தனை நாள் தரவும் போய்விடும். கட்டமைப்புக் கோப்பைத் திறந்து 19 என்பதை 13 என்று திருத்திவிடலாமே என்று ஒருவர் சொன்னார். பல நேரம் அது ஓடவும் செய்யும். ஆனால் ஆதரவு இல்லாத வழி, உள்ளே புதிய பதிப்புக்கே உரிய சாதனம் ஏதாவது இருந்தால் எங்கே முரண்படும் என்று தெரியாது. ஒத்திகை நகலில் விளையாடிப் பார்க்கலாம். நிஜப் பேரிடரில் நான் அதை நம்ப மாட்டேன். அதனால் மூன்றாவது வழி: 6.5 ஹோஸ்ட்டில் பதிப்பு 13-இல் வட்டே இல்லாத காலிக் கூடு ஒன்றை உருவாக்கி, பழைய வட்டுகளை அதில் மாட்டுவது.

கேட்பதற்கு எளிது. முதல் கூட்டை நானே உருவாக்கினேன். ஆன் செய்ததும் நெட்வொர்க் வழியாக பூட் ஆக முயன்று நின்றது. அசல் விஎம் பயாஸில் நிறுவப்பட்டது. கூட்டில் ஃபர்ம்வேர் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) ஈஎஃப்ஐ என்று இருந்தது. வட்டில் பூட் லோடரை அது தேடுகிற இடமே வேறு. பயாஸுக்கு மாற்றினேன். இந்த முறை விண்டோஸ் லோகோ வந்தது, ஒரு நொடியில் நீலத் திரை, 0x7B. பூட் வட்டை எட்ட முடியவில்லை என்று பொருள். அசலில் வட்டை இணைத்திருந்தது எல்எஸ்ஐ லாஜிக் சாஸ் கன்ட்ரோலர். நான் வேகத்துக்கு ஆசைப்பட்டு கூட்டில் மெய்நிகர் சூழலுக்கென்றே செய்த பாராவர்ச்சுவல் கன்ட்ரோலர் கொடுத்திருந்தேன். அந்த டிரைவர் விண்டோஸுக்குள் கோப்பாக இருக்கலாம், ஆனால் பூட் ஆகும்போதே ஏற்றப்படும் வரிசையில் அது இல்லை. கன்ட்ரோலரை மாற்றினேன். மூன்றாவது முறை எழுந்தது. எழுந்தும் டேட்டாபேஸ் தொடங்கவில்லை: டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் டி, இ வட்டுகள் இரண்டும் ஆஃப்லைன். சில விண்டோஸ் சர்வர் பதிப்புகளின் இயல்புக் கொள்கை அப்படி. புது பஸ்ஸில் (இணைப்புப் பாதையில்) தெரியும் வட்டை வேறு யாரோடோ பகிரப்பட்டதாக எண்ணித் தானாக மவுன்ட் செய்யாது. வலது கிளிக் செய்து ஆன்லைன் ஆக்கினேன். ஒரு விஎம்முக்கு 50 நிமிடம்.

இரண்டாவதில் இருந்து சுதாரித்துக்கொண்டோம். அசலின் கட்டமைப்புக் கோப்பு நகலில்தான் இருக்கிறதே, அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபர்ம்வேர், கன்ட்ரோலர், வட்டு எந்தத் துளையில், நெட்வொர்க் கார்டு எந்த வகை, மேக் முகவரி (கார்டின் தனி அடையாள எண்) என்ன என்று ஒரு தாளில் எழுதி, அதே அச்சில் கூடு செய்தோம். ஒன்றுக்குப் பத்து நிமிடம். கடைசி விஎம் எழுந்தபோது மாலை நாலரை. எங்கள் இலக்கு நாலு மணி நேரம், எடுத்தது ஏழரை.

மதியம் இரண்டு மணி வாக்கில், கையில் டீயோடு, எனக்குச் சட்டென்று உறைத்தது. நான் தேர்ந்தெடுத்தது 63. உயர்ந்தது 17. மீதி 46 எங்கே? பேட்ச்சின் இரண்டாம் தொகுதி அன்று இரவு 11 மணிக்கு. டேட்டாபேஸ் சர்வர்களில் பாதி அதில்தான்.

பவர்ஷெல் கட்டளைகள் மூலம் விசென்டருடன் இணைந்து, எல்லா விஎம்களிலும் முன்கூட்டிச் சொல்லப்பட்ட உயர்வின் நிலையைக் கேட்டோம். ஒவ்வொரு விஎம்மின் கட்டமைப்பிலும் அதற்கென்று ஒரு பகுதி இருக்கிறது: கொள்கை என்ன, எந்தப் பதிப்புக்கு, நிலை என்ன என்ற விவரங்கள். 46 விஎம்களில் நிலை ‘பெண்டிங்’. அதே மெனுவில் ரத்து செய்யும் தேர்வும் உண்டு. ரத்து செய்தோம், மறுபடி கேட்டோம், பூஜ்யம் வந்தது, பிறகுதான் டீயைக் குடித்தேன். அது ஆறிப்போயிருந்தது.

இந்த நிகழ்வின் அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் பலர் ‘மனிதப் பிழை’ என்று எழுதச் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, என் தலையைக் காப்பாற்றிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. 19 என்று விட்டது என் தவறுதான். ஆனால் அந்தத் தவறு நடக்க இடம் கொடுத்தது, வன்பொருள் உயர்வை இடமாற்றத்தின் கடைசிப் படியாக எழுதி வைத்த பட்டியல். விமோஷனில் போனதை, சிபியு ஒத்துப்போகிற வரையில், விமோஷனில் திரும்பக் கொண்டுவரலாம். வன்பொருள் உயர்வு அப்படியல்ல, திரும்பும் பாதையை அடைத்துவிடும். ஒரு பக்கம் திரும்பக்கூடிய வேலை, மறுபக்கம் திரும்ப முடியாத வேலை; இரண்டையும் ஒரே தாளில் அடுத்தடுத்த வரியாக வைத்தால், எழுதியவருக்கும் படித்தவருக்கும் இரண்டும் ஒரே எடையாகத்தான் தெரியும். விஎம் எங்கெல்லாம் ஓட வேண்டியிருக்கலாம், அந்த ஹோஸ்ட்களில் மிகப் பழையது எது என்ற கேள்வி அந்தத் தாளில் எங்குமே இல்லை. இரண்டாம் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் குழுவிடம் அந்தத் தாள் போகவும் இல்லை.

உடனே இரண்டாம் தளத்தையும் 7.0-க்கு ஏற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே என்று மேலிடத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 7.0-இல் பழைய லினக்ஸ் வகை டிரைவர் அடுக்கு முழுவதுமாக நீக்கப்பட்டுவிட்டது. அங்கிருந்த ஹோஸ்ட்களின் ஸ்டோரேஜ் கார்டு அந்த வகை டிரைவரை நம்பி ஓடியது. ஏற்றினால் ஹோஸ்ட்டுக்கு ஸ்டோரேஜே தெரியாது. புது சர்வர் வரும்வரை 6.5-தான்.

எனவே 17-ஐ இரண்டாகப் பிரித்தோம். மிக முக்கியமான ஆறை, முதன்மைத் தளத்திலேயே நேரம் வாங்கி, பதிப்பு 13 கூட்டுக்கு மாற்றினோம். மீதி பதினொன்றையும் 19-இலேயே விட்டு, இரண்டாம் தளத்தில் அவற்றுக்கான கூடுகளை வட்டு இல்லாமல் தயாராகச் செய்து வைத்தோம். தேவைப்பட்டால் நகலை மாட்டி ஆன் செய்ய வேண்டியதுதான். அழகான தீர்வு இல்லை. வேலை செய்யும் தீர்வு.

அப்புறம் உண்மையான உயர்வு. உயர்த்த வேண்டியவற்றுக்கு இலக்கு 13, அதற்கு மேல் இல்லை. முதலில் விஎம்வேர் டூல்ஸ் (விஎம்முக்குள் நிறுவும் துணை மென்பொருள்), ரீபூட், ஒரு நாள் பார்த்தல். பிறகு முழுதாக நிறுத்தி, ஸ்னாப்ஷாட் எடுத்து, உயர்த்தி, ஆன் செய்து, மறுநாள் மாலைக்குள் ஸ்னாப்ஷாட்டை அழித்தல். டூல்ஸ் முதலில் போக வேண்டிய காரணம், புதிய சாதனங்களுக்கான டிரைவர்கள் அதோடுதான் விண்டோஸுக்குள் போகின்றன. இந்த வரிசையில் போனவை சொல்லும்படி எதுவும் இல்லாமல் முடிந்தன.

சொல்லும்படி நடந்தது ஒன்றே ஒன்று, அதுவும் வரிசையை மீறியதால். விஎம்மை எப்படியும் நிறுத்துகிறோம், அப்படியே பழைய ஈ1000 நெட்வொர்க் கார்டையும் விஎம்எக்ஸ்நெட்3 ஆக்கிவிடலாம் என்று ஒரு சகா முடிவு செய்தார். ஆசை புரிகிறது, ஈ1000 என்பது ஒரு பழைய நிஜக் கார்டின் நகல், விஎம்எக்ஸ்நெட்3 மெய்நிகர் சூழலுக்கென்றே செய்தது, சிபியு சுமை குறையும். பழையதை நீக்கிப் புதியதைச் சேர்த்தார். விண்டோஸ் எழுந்தது, நெட்வொர்க் இல்லை. பழைய கார்டின் நிலையான ஐபி அந்தக் கார்டோடு போய்விட்டது. புதியதில் அதையே எழுதப் போனால், இந்த முகவரி ஏற்கெனவே இன்னொரு கார்டுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்கிறது. எந்தக் கார்டு? கண்ணுக்குத் தெரியாத, இப்போது இல்லாத, ஆனால் ரெஜிஸ்ட்ரியில் உயிரோடு இருக்கும் கார்டு. டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னால் மங்கலாகத் தெரியும். அதை நீக்கினால் முகவரி விடுபடும். அதைச் செய்தார். நெட்வொர்க் வந்தது.

ஆனால் அதில் ஓடிய வடிவமைப்பு மென்பொருளின் உரிமச் சேவை தொடங்க மறுத்தது. உரிமக் கோப்பில் மேக் முகவரி எழுதப்பட்டிருக்கிறது. புதுக் கார்டுக்கு விசென்டர் புது முகவரி கொடுத்துவிட்டது. மறுநாள் காலை 8 மணிக்கு 60 பேர் அந்த மென்பொருளைத் திறப்பார்கள். பழைய முகவரி எது என்று யாருக்கும் நினைவில்லை. முந்தைய நாள் பேக்கப்பின் கட்டமைப்புக் கோப்பில் இருந்து எடுத்து, விஎம்மை மறுபடி நிறுத்தி, அந்த முகவரியையே நிலையானதாக எழுதிவிட்டு எழுப்பினோம். உரிமம் மறுபேச்சில்லாமல் திறந்தது. பழைய சென்ட்ஓஎஸ் 6 (லினக்ஸ்) விஎம்களிலும் இதே ரகம்தான்: மேக் மாறினால், சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் யூடெவ் விதி புதுக் கார்டுக்கு இரண்டாவது பெயரைக் கொடுத்துவிடும், முதல் பெயரில் இருந்த ஐபி அனாதையாகும். ஒரு இரவுக்கு ஒரு மாற்றம் என்று அதற்குப் பிறகு எழுதி ஒட்டினோம். கார்டு மாற்றத்தைத் தனி வேலையாக, மாதம் கழித்துச் செய்தோம்.

இன்னொரு சிறு கண்டுபிடிப்பு. உயர்த்தி முடித்த விஎம்களில் ஸ்பெக்டர் பாதுகாப்பு உள்ளே வந்ததா என்று மைக்ரோசாஃப்டின் பவர்ஷெல் சோதனையை ஓட்டினால், ஏற்கெனவே 10-இலும் 11-இலும் இருந்ததால் நாங்கள் தொடாத சிலவற்றிலும் இல்லை என்று வந்தது. அவை பழைய கிளஸ்டரில் இருந்து விமோஷனில் வந்தவை. பவர் ஆன் ஆன நேரத்தில் எந்த சிபியு வசதிகள் தெரிந்தனவோ அவற்றையே பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன. விண்டோஸை ரீபூட் செய்வது போதாது, விஎம்மையே அணைத்து ஆன் செய்ய வேண்டும். அணைத்து எழுப்பியதும் வந்தது. பதிப்பு எண்ணைப் பார்த்துப் பச்சைக் குறி போட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

இரண்டாம் தளத்துக்குப் புதிய சர்வர்கள் வந்து 7.0 ஏறியதும் அடுத்த ஒத்திகை நடந்தது. 41-உம் எழுந்தன, மூன்று மணி நேரத்துக்குள். தயாராக வைத்திருந்த பதினொரு கூடுகளையும் அன்று மாலையே அழித்தோம். 13-இல் இருந்தவற்றை 19-க்கு ஏற்றலாமா என்று யாரோ கேட்டார்கள். எதற்கு என்று திருப்பிக் கேட்டேன், அவரிடம் பதில் இல்லை, அப்படியே விட்டோம். ஒன்று மட்டும் இன்னும் 8-ஆவது பதிப்பில் இருக்கிறது. அதில் இருக்கும் இயங்குதளம் அவ்வளவு பழையது. புதிய சிபியு வசதிகளைக் காட்டினாலும் அதைப் பயன்படுத்தும் பேட்ச் அதற்கு வரவே இல்லை. தனி நெட்வொர்க்கில் அடைத்து வைத்திருக்கிறோம். பட்டியலில் அதன் பக்கத்தில் ‘தொட வேண்டாம்’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது, கீழே தேதியோடு.